எல்லைக்கல்லைத் தாண்டிய மாங்காய்

சித்தூரில் லாரி வைத்துப் பிழைத்தவர்களில் தாட்சாயணியோடு சண்டை போடாதவன் ஒருவனும் கிடையாது. நானே வருஷத்துக்கு நாலைந்து தடவை போட்டிருக்கிறேன். ஒரு தடவையும் ஜெயித்ததில்லை. இத்தனைக்கும் அவள் குரலை உயர்த்த மாட்டாள். மாம்பழக்கூழ் ஆலையின் கேட்டருகே இரும்பு ஸ்டூல் ஒன்றைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு, கையில் டோக்கன் கட்டு, கழுத்தில் விசில் என்று உட்கார்ந்திருப்பாள். நாம் போய்க் கத்துவோம். கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்பாள். முடித்ததும், "ஆச்சா? போயி உன் வண்டியாண்ட நில்லு நாகேந்திரண்ணா. உன் முறை வந்தா நானே கூப்புடறன்" என்பாள். அதற்குமேல் யார் சிபாரிசு பிடித்துவந்தாலும் கேட் திறக்காது.

என் கதை பெரிதல்ல. நகரியில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பவர்லூம்தான் பிழைப்பு. அந்தச் சத்தம் எனக்கு ஒத்துவரவில்லை. பழைய லாரி ஒன்றை வாங்கிக்கொண்டு சித்தூருக்கு வந்துவிட்டேன். அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தாராளமயம், ஏற்றுமதி என்று பேப்பரில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான், மாங்காய். நேற்றுவரை வேலியோரம் விழுந்து கிடந்த பெங்களூரா மாங்காயைக் கூழாக்கி டிரம்மில் அடைத்து அரபு நாட்டுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்ப ஆலைகள் வரிசையாக எழும்பின. ஊரில் பாதி இளவட்டம் பெங்களூருக்கும் குவைத்துக்கும் கிளம்பியது. மீதிப் பாதி மாங்காயின் பின்னால் ஓடியது. நானும் ஓடினேன்.

ஆலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காய் டிராக்டரில் வரும். எடை போட்டு, கொட்டகைக்குள் வைக்கோல் மேல் பரப்பிப் பழுக்க வைப்பார்கள். பழுத்ததைக் கழுவி, கூழாக்கி, டிரம்மில் அடைப்பார்கள். டிரம் கண்டெய்னரில் ஏறி மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போகும். கப்பல் நமக்காக நிற்காது. இவ்வளவு நீளமான வழியில் ஏதாவது ஓர் இடம் குறுகலாகத்தான் இருக்கும், மொத்த வேகமும் அந்த இடத்தின் வேகம்தான். எங்கள் ஆலையில் அது பழுக்க வைக்கும் கொட்டகை. அங்கே இடம் காலியானால்தான் கேட் திறக்கலாம். மானேஜர் சந்திரசேகர் இதைச் சுவரில் படம் வரைந்து மாட்டியிருந்தார். தாட்சாயணிக்குப் படம் தேவைப்படவில்லை. "வாய் ஒண்ணுதான்பா கீது. எத்தினி கை ஊட்டினாலும் ஒரு வாய்தான் துன்னும்" என்பாள்.

அவள் முதலில் காய் பொறுக்கும் வேலைக்குத்தான் வந்தாள். கணவன் அருள்குமார் குவைத்தில் ஒரு ஷேக் வீட்டில் டிரைவர். சித்தூரில் வாடகை வீடு. ஒருநாள் ஆலை கேண்டீனில் சூப்பர்வைசர் ஒருவர் வரிசைக்கு நடுவில் தட்டை நீட்டியிருக்கிறார். இவள் அவர் கையைப் பிடித்துக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். சந்திரசேகர் அதைப் பார்த்துவிட்டார். அடுத்த சீசனில் அவளுக்குக் கேட் வேலை கிடைத்தது.

வரிசை என்பது அவளுக்கு வேலை மட்டுமல்ல, கொஞ்சம் பைத்தியமும்கூட. ஒருமுறை திருமலைக்குப் போய்வந்தாள். "சாமிய நல்லா சேவிச்சியா?" என்று கேட்டேன். "சாமி கிடக்கட்டும்ணா. அந்த கம்பார்ட்மெண்டு பாத்தியா? ஜனத்த ரோட்டுல நிக்க வுடாம ரூமு ரூமா உக்கார வச்சி, பால் குடுத்து, ஒவ்வொரு ரூமா தொறந்து வுடறான் பாரு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெருமாளுக்குப் போட்டாளா, கம்பார்ட்மெண்டுக்குப் போட்டாளா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். அந்த வாரமே சந்திரசேகரை நச்சரித்து, ஆலைக்கு எதிரே புறம்போக்கில் தென்னங்கீற்றுப் பந்தல் போட வைத்தாள். அதுவரை வெயிலில் காய்ந்துகொண்டிருந்த டிராக்டர்கள் அதன்பிறகு நிழலில் நின்றன. குவியலின் அடியில் இருக்கும் காய் சூட்டில் வெந்துபோகும், அதற்கு நிழல் வேண்டும். டிரைவர்களுக்கு மோர் கிடைத்தது உபரி லாபம்.

இனி அவள் பிறந்த வீட்டுக்கு வருகிறேன். கார்வேட்டிநகரத்துக்கு அந்தப்பக்கம் ஈச்சங்கண்டிகை என்று ஒரு சின்ன ஊர். தமிழ்க் குடும்பங்கள். யாருக்கும் கைப்பிடி மண் சொந்தமில்லாத காலம் ஒன்று இருந்தது, எல்லோரும் கூலிக்குத்தான் போனார்கள். பிறகு அரசாங்கம் குன்றுச் சரிவில் கல்லும் முள்ளுமான நிலத்தைப் பட்டா போட்டுக் கொடுத்தது. தாட்சாயணியின் அண்ணன் முனிகிருஷ்ணனுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அவர்கள் சின்ன வயதிலேயே நைனா இறந்துவிட்டதால் தங்கையைப் பத்தாவதுவரை படிக்க வைத்தவன் அவன்தான். கடப்பாரையால் பாறையைக் குடைந்து குழி தோண்டி அண்ணன் மாங்கன்று நட்டான். தங்கை கீழேயிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். அவள் கல்யாணமாகிப் போனபோது மரங்கள் இடுப்பளவு இருந்தன. அண்ணன் குடும்பம் ஆள்விட்டுப் பறிக்கிற அளவுக்கு அவை காய்த்தது அவள் கேட்டில் உட்கார்ந்த பிறகுதான்.

அங்கேதான் வினை வந்தது. ஈச்சங்கண்டிகையில் ஆடி மாதம் ஊர் அம்மன் கங்கம்மாவுக்கு ஜாத்திரை, திருவிழா. பம்பைக்காரர்கள் ஊர் எல்லையைச் சுற்றிவந்து சாட்டு போடுவார்கள். சாட்டு போட்டுவிட்டால் ஜாத்திரை முடியும்வரை ஊர்க்காரன் எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது, வெளி ஆள் உள்ளே வரக்கூடாது. அம்மை வந்து ஊர் ஊராக அழிந்த காலத்தில் போட்ட கட்டு. பிறந்த வீட்டுப் பெண்கள் மட்டும் சாட்டுக்கு முன்னாலேயே வந்துவிடுவார்கள். அண்ணனோ தம்பியோ புதுப்புடவையும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு நேரில் போய் அழைத்துவர வேண்டும். அழைப்பில்லாமல் போவது அந்த ஊரில் வழக்கமில்லை.

கம்பும் கேழ்வரகும் விளைந்த காலத்தில் இந்தக் கட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பெங்களூரா மாங்காய் முற்றுவதும் அதே ஆடியில்தான். சாட்டு போட்டிருக்கும் நாளெல்லாம் காய் மரத்தில் காத்திருக்கும். ஜாத்திரை முடிந்த மறுநாள் காலையில் மொத்த ஊரும் ஒரே மூச்சில் பறிக்கும். சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களுக்கும் இதே கதை. அத்தனை டிராக்டரும் ஒரே நாளில் ஆலை கேட்டுக்கு வந்து நின்றால் என்ன ஆகும்?

நின்ற வருஷத்தை நான் பார்த்தேன். பந்தல் நிறைந்து, ரோட்டோரம் நிறைந்து, டிராக்டர்கள் புளியமரங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. தாட்சாயணியும் ஜாத்திரைக்குப் போய்விட்டு, ஊரோடு கூழ் குடித்துவிட்டு அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். முனிகிருஷ்ணன் வாடகை டிராக்டரில் தன் முதல் பெரிய விளைச்சலை ஏற்றிக்கொண்டு வந்தான். வழியில் டயர் பஞ்சராகி, வரிசையின் வாலில் மாட்டிக்கொண்டான். ஒரு நாள் பொறுத்தான். மறுநாள் குவியலின் அடியிலிருந்து சாறு ஒழுக ஆரம்பித்தது. தங்கையின் ஸ்டூலுக்கு முன்னால் வந்து நின்றான்.

சந்திரசேகருக்கே மனசு கேட்கவில்லை. "உங்க அண்ணன்தானேம்மா? ஒரு வண்டிதானே, உள்ள விட்டுடு" என்றார்.

"இவர வுட்டா அப்புறம் அது வரிசை இல்ல சார், சந்தை. முன்னாடி நிக்கறவனுக்கும் கூடப் பொறந்தவ எங்கனா இருப்பா. அவ இங்க ஒக்காந்து இல்ல, அவ்ளோதான்" என்றாள். அண்ணன் காதில் விழும்படிதான் சொன்னாள். சொல்லும்போது டோக்கன் கட்டைத் தலைகீழாகப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை.

முனிகிருஷ்ணன் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போய் ஏரிக்கரையில் மொத்தக் காயையும் கொட்டினான். மாடுகள் வந்து மேய்ந்தன. போகும்போது என்னிடம் சொன்னான்: "கேட்டாண்ட என் தங்கச்சி கீறான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தன் லாரிக்கார்ரே. இனிமே சொல்ல மாட்டன்."

சொல்லவுமில்லை, பேசவுமில்லை. பொங்கலுக்கு அவள் போனபோது அவன் கொல்லைப்பக்கமாக எழுந்து போய்விட்டானாம். அண்ணி வெங்கடலட்சுமிதான் சோறு போட்டாளாம். "துன்னுட்டு வந்தன்ணா. தொண்டையில எறங்கல" என்றாள் என்னிடம். எனக்கு அவள் மேலும் கோபம், அவன் மேலும் கோபம். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் கேட்டைத் திறந்திருப்பேன். அதனால்தான் என்னை யாரும் கேட்டில் உட்கார வைக்கவில்லை.

அடுத்த ஆடி நெருங்கியது. அந்த வருஷம் காய்ப்பு இன்னும் அதிகம். ஒருநாள் மதியம் பந்தலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று, "ஆளு தாண்டக்கூடாதுன்னுதானே சாட்டு? மாங்கா தாண்டலாமா?" என்றாள்.

"யாருக்குத் தெரியும்?"

"யாரும் கேட்டதில்லணா. அதான் தெரியல." தரையில் குச்சியால் ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு உள்ளேயிருந்து ஊர்க்காரர்கள் காயைக் கொண்டுவந்து எல்லைக்கல்லருகே வைக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே என் லாரியும் வேற்றூர் ஆட்களும் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவன் உள்ளேயே, வெளியே இருப்பவன் வெளியேயே. காய் மட்டும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறி ஆலைக்குப் போகும். கொட்டகையும் திணறாது, கேட்டில் கூட்டமும் சேராது. "கொட்டி அள்ளினா காய் அடிபடும். அதனால கிரேட்டு பெட்டியிலயே வச்சி, கிரேட்டோட எடுக்கணும்" என்றாள். எனக்கு வாடகை கிடைக்கும், அவளுக்கு அண்ணன் காய் பிழைக்கும். இரண்டாவதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சாட்டுக்கு முன்னால் ஊர்ப் பஞ்சாயத்து கூடியபோது என் லாரியிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கங்கம்மா கோயில் வேப்பமரத்தடியில் ஊர் உட்கார்ந்திருந்தது. பெரியதனக்காரர் வெங்கடரமணன் அவளுக்குப் பெரியப்பா முறை. முழுதும் கேட்டுவிட்டு, "இன்னா கேள்விம்மா இது? எங்க தாத்தன் கட்டு போட்டப்ப இங்க மாங்கா ஏது?" என்று தாடையைச் சொறிந்தார்.

கூட்டத்தின் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த முனிகிருஷ்ணன் திரும்பாமலேயே பேசினான். "அவ கேட்டு சட்டத்த அவ மாத்த மாட்டாளாம். ஆத்தா சட்டத்த மட்டும் நாம மாத்தணுமாம்."

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. தாட்சாயணி முகம் சிவந்துபோய், "மாத்த சொல்லல பெரிப்பா. ஆத்தாள கேக்கத்தான் சொல்றன்" என்றாள்.

கேட்பதற்கு வழி இருக்கிறது. அம்மன் தோளில் இருபுறமும் பூ வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள், வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். வலப்பக்கத்துப் பூ விழுந்தது. கூட்டம் சத்தம் போட்டது. வெங்கடரமணன் கையை உயர்த்தி அடக்கினார். "ஆத்தா வுட்டுட்டா. ஆனா கட்டு கட்டுதான். வெளிய போறது போவலாம். வெளியேர்ந்து உள்ள ஒண்ணும் வரக்கூடாது. கைக்குக் கை குடுக்கக்கூடாது. எங்க ஆளு கல்லாண்ட வச்சிட்டுப் பின்னால வந்துடுவான். அப்புறம் உங்க ஆளு எடுத்துக்கணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் தாட்சாயணி. நானும் பெரிய மனுஷன்போலத் தலையாட்டினேன்.

ஆலையில் இருந்த பிளாஸ்டிக் கிரேட்டுகளில் பெரும்பகுதியைச் சந்திரசேகரிடம் கெஞ்சி வாங்கி, அந்த நாட்களுக்குக் கேட்டில் மாற்று ஆளையும் போட வைத்து, சாட்டுக்கு முந்தின நாளே ஊருக்குள் இறக்கினோம். அவளுக்கு அந்த வருஷம் அழைப்பு வரவில்லை. வந்திருந்தாலும் போயிருக்க முடியாது. உள்ளே போனால் வெளியே வர முடியாது, வெளியே அவளுக்கு வேலை இருந்தது. "ரெண்டும் ஒண்ணுதான்ணா" என்றாள். ஒன்றில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

முதல் நாள் கல்யாண வீடுபோல இருந்தது. உள்ளேயிருந்து வரிசையாகக் கிரேட்டுகள் வந்தன. கல்லருகே வைத்துவிட்டு அவர்கள் பின்வாங்க, எங்கள் ஆட்கள் போய் எடுக்க, லாரி நிறைந்தது. எல்லைக்கு இரு பக்கமும் கேலியும் கிண்டலுமாகச் சத்தம். தாட்சாயணி விசிலை ஊதி ஊதிப் பூரித்துப்போனாள். ஒரே ஒரு தடவை அருகே வந்து, "எங்க அண்ணன் காய் வந்துச்சா?" என்று கேட்டாள். வரவில்லை. எல்லைக்கல்லிலிருந்து பார்த்தால் குன்றுச் சரிவில் அவன் மரங்கள் தெரியும். ஒரு காயும் பறித்திருக்கவில்லை.

மறுநாள் காலை, ஆலையில் காலியான கிரேட்டுகளை ஏற்றிக்கொண்டு எல்லைக்குப் போனேன். இறக்கி அடுக்கினோம். கையில் மஞ்சள் காப்போடு வெங்கடரமணன் வந்து கல்லுக்கு அந்தப்பக்கம் நின்றார்.

"இன்னா இது?"

"கிரேட்டு. காலி. எடுத்துக்கினு போயி ரொப்பச் சொல்லுங்க."

"உள்ள வராது" என்றார்.

எனக்குத் தலையில் இடி விழுந்ததுபோல் இருந்தது. "காலி கிரேட்டுல இன்னா அம்மை வரும்யா?" என்று கத்தினேன்.

"ஒண்ணும் வரக்கூடாதுன்னு நான் சொன்னப்ப நீதான தலைய ஆட்டின?"

ஆட்டினேன். எல்லோரும்தான் ஆட்டினார்கள். ஆளைப் பற்றி யோசித்தோம், லாரியைப் பற்றி, கொட்டகையைப் பற்றி, கப்பலைப் பற்றிக்கூட யோசித்தோம். காலிப் பெட்டியை எவன் நினைத்தான்? அது பாட்டுக்குத் திரும்பி வந்துகொண்டே இருக்கும் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. அந்தப்பக்கம் பறித்த காய், இந்தப்பக்கம் காலிக் கிரேட்டு, நடுவில் ஒரு கல். தாட்சாயணி ஒரு கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். "போற வழிய பாத்தன். வர்ற வழிய பாக்கலியே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றைக்குக் கல்லருகே வைக்கோல் பரப்பி, காயைக் கொட்டச் சொல்லிப் பார்த்தோம். கூடையோடு வைத்தால் கூடை வெளியே போய்விடும், பிறகு மரத்திலிருந்து இறக்கக் கூடை இருக்காது. கொட்டிய காய் அடிபட்டது, காம்பு உடைந்து பால் வழிந்தது, வெயிலில் சூடேறியது. சந்திரசேகர் என்னிடம் சொல்லியனுப்பினார்: அடிபட்ட காய் அழுகினால் பக்கத்தில் இருக்கும் நல்ல காயையும் கெடுக்கும், இப்படியென்றால் அனுப்ப வேண்டாம். ஊருக்குள் முணுமுணுப்பு கிளம்பியது. சும்மா மரத்தில் இருந்த காயைப் பறிக்க வைத்துவிட்டாளே என்று பேசினார்கள். அவள் காதிலும் விழுந்தது.

அடுத்த நாள் காலை அவள் கல்லருகே போய் நின்றபோது உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு பெண் வந்தாள். வேர்க்கடலை பறிக்கக் கூலிக்குப் போகிறவள், பேர்கூட எனக்குத் தெரியாது. தலையில் மூட்டை. கிழிசல் புடவை ஒன்றில் காயைப் பதமாக அடுக்கிக் கட்டியிருந்தாள். கல்லருகே மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, பின்னால் நகர்ந்தாள்.

"எடுத்துக்கோக்கா. துணி போனா போவுது. காய் போவக்கூடாது."

தாட்சாயணி ஓடிப்போய் மூட்டையைத் தூக்கி அப்படியே ஒரு கிரேட்டுக்குள் வைத்தாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. அவ்வளவுதான், கொஞ்ச நேரத்தில் ஊரே வந்தது. பழைய புடவை, வேட்டி, லுங்கி, படுக்கை விரிப்பு, யார் வீட்டு ஜன்னல் திரையோ ஒன்று. அன்று சாயங்காலம் ஆலைக் கொட்டகையைப் பார்த்த சந்திரசேகர், "என்னம்மா, மாங்கா அனுப்பச் சொன்னா துணி கடைய அனுப்பியிருக்கே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் காயில் ஓர் அடிகூட இல்லை என்பதையும் பார்த்துவிட்டார்.

அதன்பிறகு சரக்கு தடையில்லாமல் ஓடியது. ஓடாதது ஒன்றே ஒன்றுதான். குன்றுச் சரிவில் முனிகிருஷ்ணனின் மரங்கள் மஞ்சள் தட்டிக்கொண்டிருந்தன. கிளிகள் வர ஆரம்பித்துவிட்டன. தாட்சாயணி விசில் ஊதிவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பாள், பார்த்துவிட்டு மறுபடி ஊதுவாள். "ஆள் அனுப்பிச் சொல்லிப் பாக்கறதுதானே?" என்றேன். "கோவத்துல கீற ஆள அவசரப்படுத்தக்கூடாதுணா. இன்னும் கெட்டிப்படும்" என்றாள். காயைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. இந்த ஜாத்திரையும் இப்படியே முடிந்தால் அண்ணன் இனி எந்த ஜாத்திரைக்கும் அழைக்க மாட்டான் என்ற பயம் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

ஜாத்திரையின் கடைசி நாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. லாரியில் கடைசி மூட்டை ஏறி, நான் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். ஊருக்குள் பம்பை முழங்கியது. சரிவிலிருந்து இரண்டு பேர் இறங்கி வருவது தெரிந்தது. முன்னால் முனிகிருஷ்ணன், பின்னால் வெங்கடலட்சுமி. தலையில் ஆளுக்கொரு மூட்டை. அவர்களுக்கும் பின்னால் கூலியாட்கள் மூட்டைகளோடு.

"கிளம்பாதணா" என்றாள் தாட்சாயணி.

எனக்குக் குறும்பு போகவில்லை. "போன வருஷம் நீ யாருக்காகவாவது நிறுத்தினியா?"

"வரிசையில கடைசியா நிக்கறவனும் வரிசைதான்ணா. இது அவரு முறை."

முனிகிருஷ்ணன் கல்லருகே வந்தான். தலைமூட்டையைக் கையில் வாங்கி, குழந்தையைக் கிடத்துவதுபோல் தரையில் வைத்துவிட்டு, பின்னால் போய் நின்றான். நான் மூட்டையைப் பார்த்தேன். எல்லோரும் பழந்துணியில் கட்டிவந்தார்கள். இது புதுப்புடவை. கடை மடிப்புகூடக் கலையவில்லை. சிவப்பு உடல், மாம்பழ மஞ்சளில் கரை. முந்தானை முனையில் ஒரு சின்ன முடிச்சு, அதற்குள் மஞ்சள் கிழங்கு புடைத்துக்கொண்டிருந்தது.

அவன் தங்கையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"லாரிக்கார்ரே, வெளிய போன துணி திரும்ப உள்ள வராதாமே?"

"ஆமாம்பா. வராது."

"அப்போ அத வச்சிக்க சொல்லுங்க."

நான் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, அவள் கேட்டுக்கொண்டுதானே நிற்கிறாள். அந்தப் புடவையை அவன் எப்போது வாங்கினானோ. சாட்டுக்கு முன்னால் வாங்கி, கொண்டுபோக மனசு வராமல் பெட்டியில் வைத்திருந்திருக்க வேண்டும். வெங்கடலட்சுமி பின்னாலிருந்து புருஷனின் முதுகில் ஒரு குத்து குத்தினாள்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "நீ என்ன உள்ள வுட்டிருந்தா முன்னாடி நின்னவன் காய் போயிருக்கும். அது அன்னிக்கே தெரியும் தாட்சு. தெரிஞ்சிதான் கோவம் வந்துச்சி."

எத்தனை பேர் கத்தினாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் தாட்சாயணி, அன்றைக்கு எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு வாய்விட்டு அழுதாள். கல்லைத் தாண்டிக் கையை நீட்டவும் முடியாது. அண்ணனும் நீட்டவில்லை. இரண்டு பேரும் அவரவர் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு அவளேதான் விசிலை எடுத்து ஊதினாள். ஆட்கள் போய் மூட்டைகளை எடுத்தார்கள். கிளி கொத்தியதும் கனிந்து உதிர்ந்ததும் போக, அண்ணன் மரத்தில் மிஞ்சியிருந்த காய் மொத்தமும் என் லாரியில் ஏறியது.

ஜாத்திரை முடிந்தபின் துணியெல்லாம் துவைத்துக் கட்டி ஈச்சங்கண்டிகைக்குத் திரும்பிப் போயிற்று. மறுவருஷத்திலிருந்து சாட்டுக்கு முன்னால், இருக்கிற நாளுக்கெல்லாம் போதுமான அளவு கிரேட்டை உள்ளே இறக்கிவிடுவது வழக்கமாயிற்று. அக்கம்பக்கத்து ஊர்களும் பூ கேட்க ஆரம்பித்தன. சில ஊர்களில் விழுந்தது, சில ஊர்களில் விழவில்லை. அதற்குப் பிறகு எல்லா ஆடியிலும் முனிகிருஷ்ணன் புடவையும் மஞ்சளுமாக முறையாக வந்து அழைப்பான். அவளும், "கேட்டுல வேலை கீதுண்ணா" என்று முறையாக மறுத்துவிட்டுப் புடவையை வாங்கிக்கொள்வாள்.

ஆனால் நான் மறக்காதது அந்த வருஷம் ஜாத்திரைக்கு அடுத்த வாரம். காலையில் கேட்டுக்குப் போனால், அதே இரும்பு ஸ்டூலில் அந்தச் சிவப்புப் புடவையோடு உட்கார்ந்திருக்கிறாள். முந்தானையிலும் மடியிலும் திட்டுத்திட்டாகக் கறுப்பு. உள்ளே போய்க்கொண்டிருந்த சந்திரசேகர் நின்றுவிட்டார்.

"ஏம்மா, புதுப்புடவைல என்ன இவ்வளவு கறை?"

"எங்க அண்ணன் மரத்து மாங்கா பாலு சார்" என்றாள், மடியைத் தடவிக்கொண்டே. "துவைச்சாலும் போவாது."